ஐந்தாம் இலக்கச் சட்டை

தென் லண்டனின் உதைபந்தாட்டக் கழகமொன்றில், ஆட்டம் முடிந்த மாலை வெயில் சலவை அறைக்குள் சாய்ந்து விழுகிறது. நாகேஸ்வரி அழுக்குச் சட்டைகளைக் கூடையிலிருந்து அள்ளுகிறாள். ஸ்கொட்லாந்துத் தடுப்பாட்டக்காரர் இயூவனின் ஐந்தாம் இலக்கச் சட்டை, இத்தனை வருடமும் தோளில் கிழிசலும் பக்கமெல்லாம் புல் கறையுமாகத்தான் அவள் கைக்கு வந்திருக்கிறது. இன்று மடிப்புக்கூடக் கலையவில்லை. முழு ஆட்டமும் அவரைப் பெஞ்சிலேயே இருத்திவிட்டார்கள். “இதிலை ஊத்தையே இல்லை அக்கா. தோய்க்காமல் அடுக்கட்டே?” என்று கூட வேலை செய்யும் மயூரா அதை வாங்கி உதறுகிறாள். வாசலில், பூட்ஸைக் கையில் பிடித்தபடி இயூவன் நிற்கிறார். தமிழ் விளங்காது அவருக்கு. மயூராவின் கையிலுள்ள சட்டை விளங்குகிறது. பார்வையைத் தாழ்த்துகிறார். “மற்றச் சேட்டுகளோடை போடு பிள்ளை,” என்கிறாள் நாகேஸ்வரி. மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள், ஐந்தாம் இலக்கமும் மற்றவர்களின் சேற்றில் புரளத் தொடங்குகிறது.