ஹில்டேவின் நாற்காலி

குளம் தூர்வார உதவுவதற்கென்று நார்வேயிலிருந்து வந்த ஹில்டே, அன்றும் மண்சட்டிக்குக் கையை நீட்டினாள். சட்டி அவளைத் தாண்டிப் போனது; அவளுக்குக் கரைமேல் மரநிழலில் நாற்காலி வந்தது. “வெயிலு கொல்லுது, உக்காருங்கம்மா.” வந்த நாள்முதல் இதே கதைதான். உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகிவிட்டது. குளத்துக்குள் பிள்ளைத்தாய்ச்சி பூரணம் சட்டியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹில்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி அவளருகே போட்டாள். கேட்டுக் கேட்டுப் படிந்த ஒரே தமிழில், “உக்காருங்கம்மா” என்றாள். சட்டி கைமாறிய வரிசை அப்படியே நின்றுவிட்டது. பூரணம் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். பிறகு அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கரையேறி, பழைய நிழலிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஹில்டே ஏறிவந்து உட்கார்ந்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது.