இடது பெட்டி

“இது நேராப் போற ஆள் போட்ட கீறல் இல்ல சார்” என்றார் மெக்கானிக், தரையில் மல்லாந்து படுத்தபடியே.

அவர் முகத்துக்கு மேலே மோட்டார் சைக்கிளின் இடது பக்கப் பெட்டி. அதன் அடி விளிம்பில் பொருத்தியிருந்த கறுப்புப் பட்டை ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து வெளுத்திருந்தது.

“எங்கயாவது நடைபாதைக் கல்லுல இடிச்சிருக்கும்ணே” என்றான் அவன்.

“இடிச்சா குழி விழும். இது ரோட்டுல தேய்ச்சது.”

மெக்கானிக் எழுந்து, ஒரு மரச்சட்டத்தை டயரின் ஓரத்திலிருந்து பெட்டியின் அடிவரை சாய்த்து வைத்துக் காட்டினார். “இதான் உங்க எல்லை. வண்டி இவ்வளவு சாஞ்சா பெட்டி ரோட்டைத் தொடும். அதுக்கு மேல சாச்சீங்கன்னா பெட்டி தரையில ஊனிக்கும், பின்சக்கரம் தூக்கிடும். அப்புறம் வண்டி நம்ம பேச்சைக் கேக்காது. ஆமா, இந்த வண்டிக்கு இவ்வளவு அகலப் பெட்டியை யார் போடச் சொன்னது?”

“வீட்டுல.”

அது வீட்டில் போட்ட ஒப்பந்தம். போன வருஷம் ஒரு வளைவில் ஆசைதீர வண்டியைச் சாய்த்து, தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். மூன்று மாதம் கட்டு. மனைவி அவசர அவசரமாக இதே வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டு, அவனைப் பின்னால் உட்கார வைத்து ஆமை வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கட்டுப் பிரித்த அன்றே, கடையில் இருந்ததிலேயே அகலமான பெட்டிகளாகப் பார்த்து இரண்டு பக்கமும் மாட்டினாள். “இனி இதுல கீறல் விழுந்தா வண்டியை வித்துடணும்” என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டாமல் அந்த வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து, பெட்டியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். நேற்று மட்டும் எப்படியோ மறந்துவிட்டாள். இன்று மதியம் வண்டியைக் கழுவும்போதுதான் இந்தக் கீறல் அவன் கண்ணில் பட்டது.

“நான் மெதுவாத்தான்ணே போறேன். ராத்திரி ஷிப்ட். வீட்டுலேர்ந்து பேக்டரிக்கு நேர் ரோடு. பகல் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்.”

“இது மலைப்பாதையில விழற கீறல் சார். கொண்டை ஊசி வளைவுல.”

“மலைக்கு நான் போயே ஒரு வருஷம் ஆச்சு. அங்க என் மனைவியோட அக்கா வீடு இருக்கு. அதுக்கே அவ மட்டும் பஸ்ல போயிட்டு வந்துடறா.”

“இந்தக் கடைக்கு வர்ற எல்லாரும் மெதுவாத்தான் சார் போறாங்க.”

அவர் சொன்ன விதத்தில் அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்ட் முடிந்து வரும்போது, கண் சொருகிய நிலையில், ரவுண்டானாவில் கொஞ்சம் சாய்த்தானோ? சாய்த்திருப்பான். தன் லட்சணம் தனக்குத் தெரியாதா என்ன?

ஒப்பந்தப்படி வண்டி கைவிட்டுப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பே வந்த வண்டி அது. அந்த மூப்பை மட்டும் அவன் மனைவியிடம் எடுத்துச் சொல்வதில்லை.

“பட்டையை மட்டும் மாத்திக் குடுத்துடுங்கண்ணே. அஞ்சு மணிக்கு அவ வேலை முடிஞ்சு வந்துடுவா.”

“நல்ல நேரம் சார் உங்களுக்கு. இந்த இடது பட்டை வந்ததே ரெண்டுதான். காலையில கடை திறந்ததும் ஒருத்தர் வந்து ஒண்ணை வாங்கிட்டுப் போயிட்டாங்க, நானே மாட்டிக்கறேன்னு.” உறையைப் பிரித்தார். பட்டையின் உட்புறத்தில் வெள்ளை மையில் ‘இடது’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். “அது சரி, உங்க தெருவுலயே ஒர்க்‌ஷாப் இருக்குன்னீங்களே. ஊர் கோடிக்கு வந்திருக்கீங்க?”

“அவர் என் மனைவிக்கு அண்ணன் முறை. இன்னிக்கே வத்தி வச்சிடுவார்.”

மெக்கானிக் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஐந்து மணிக்கு மனைவி வந்தபோது, அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெட்டி புத்தம் புதிது போல இருந்தது.

“இன்னிக்குத் தூங்கலையா நீங்க?” என்றாள். குரல் சரியில்லை.

“வண்டியைக் கழுவினேன்.”

“பெட்டியையுமா?”

“பெட்டியையும்தான். வேணும்னா பார்த்துக்கோ.”

அவள் கைப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு குனிந்தாள். செல்போன் வெளிச்சம் இடது பெட்டியின் அடியில் ஓடியது. விரலால் தடவிப் பார்த்தாள். வலது பெட்டிக்குப் போனாள். திரும்பவும் இடது பெட்டிக்கே வந்தாள். அவன் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான்.

“எங்கங்க அது?” என்றாள், தன்னை அறியாமல்.

“எது?”

சட்டென்று நிமிர்ந்தாள். அந்த வேகத்தில் கைப்பை தோளிலிருந்து நழுவி, உள்ளேயிருந்து நீளமான உறை ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பிரித்தான். கறுப்புப் பட்டை. உட்புறத்தில் வெள்ளை மையில் ‘இடது’.

பட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எந்த வளைவுல?” என்றான்.

“மூணாவது கொண்டை ஊசியில” என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடி. “நீங்க வித்துடுவீங்களோன்னுதான் சொல்லல.”