உடைய வேண்டியது

முதல் கலனின் மூடியைத் திறந்தாள். உப்பு நெடி மூக்கில் ஏறியது.

முப்பது நாள். நூற்றெண்பது டிகிரி. எண்ணெய்க் கிணற்றில் குழாயைச் சுற்றி நிரப்புகிற அதே உப்புக் கரைசல். அதற்குள், அந்தக் குழாயிலிருந்து வெட்டி, போல்ட் போட்டு இறுக்கி வளைத்த ஓர் எஃகு வளையம்.

இடுக்கியால் எடுத்தாள். கறுத்திருந்தது. துடைத்துவிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

ஒரு விரிசல்கூட இல்லை.

உப்பு அரித்து எஃகு உடையாமலிருக்கக் கரைசலில் அவள் கலந்த மருந்து காப்பாற்றிவிட்டது. நான்கு வருட உழைப்பு! குதிக்க வேண்டும் போலிருந்தது.

குதிக்கவில்லை. போன முறை குதித்து, சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, பக்கத்து அறைக்கெல்லாம் லட்டு கொடுத்து மானம் போனது போதும்.

அன்று இரண்டாவது கலனில், மருந்தே சேர்க்காத கரைசலில் கிடந்த வளையமும் முழுசாகவே இருந்தது. போல்ட்டை இறுக்கியது போதவில்லை. மருந்தில்லாமலே உடையாத எஃகை மருந்து காப்பாற்றியது என்றால் யார் நம்புவார்கள்?

இன்னும் ஒரே ஒரு தடவை, அதிலும் தேறாவிட்டால் இந்த மருந்தை மூட்டை கட்டிவிடு என்றது சென்னை.

இதுதான் அந்த ஒரு தடவை.

ஆய்வக உதவியாளர் செபஸ்தியான் இரண்டாவது கலனின் மூடியைக் கழற்றினார். இந்த முறை போல்ட்டை இறுக்கியவரும் அவர்தான்.

"ஒடஞ்சிருக்கணும், ஆரோக்கிய மாதாவே."

இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இடுக்கியை உள்ளே விட்டாள். பிடித்தாள். தூக்கினாள்.

கடகடவென்றது.

இரண்டு துண்டுகள், போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒடஞ்சிருச்சு! அண்ணே, ரெண்டா ஒடஞ்சிருச்சு!"

செபஸ்தியான் கையுறையோடு கைதட்டினார். பக்கத்து அறை வேதநாயகி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். வேதநாயகியைக் கட்டிப்பிடித்து இவள் ஒரு சுற்றுச் சுற்றியதில் கண்ணாடி கழன்று விழுந்தது.

"அடிப் பாவி! போன வாட்டி முழுசா இருக்குன்னு லட்டு குடுத்தே. இப்ப ஒடஞ்சதுக்கா இந்த ஆட்டம்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

முழு வளையத்தைப் பஞ்சில் சுற்றி அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள். உடைந்ததற்குப் படம் போதும் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அந்த உடைந்த வளையத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

முதல் வேகத்தடையில் பைக்குள் கடகடத்தது.

வீடு வரைக்கும் ஏழு வேகத்தடைகள். ஒன்றில்கூட அவள் பிரேக் பிடிக்கவில்லை.