சரிவான வானம்

கற்பூரம் அணைத்துச் சொல்லலாம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வானம் சரிவாக இருக்கிறது.

கண்டுபிடித்தவர் ராக்கப்பன். மகன் சேதுராசு விட்டுப்போன பழைய டிக்கெட்தான் அத்தாட்சி. அங்கே ஒரு மணிக்குக் கிளம்பினால் இங்கே இரண்டு நாற்பதுக்கு இறக்கிவிடுகிறார்கள். திரும்பிப் போகும்போது அதே விமானம், அதே கடல், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் முக்கி முனகி ஏறுகிறது.

"வர்றது எறக்கம். போறது ஏத்தம். பாதிக் கடல் தாண்டுனதும் பைலட் இன்ஜினை அமத்திட்டு டீ குடிப்பான். அது பாட்டுக்கு உருண்டு வரும்."

சைக்கிள் ஓட்டிப் பழகிய யாரும் டீக்கடையில் இதை மறுக்கவில்லை.

மகன் மட்டும் ஒருமுறை போனில் மறுத்துப் பார்த்தான். வராததற்குச் சாக்கு என்று ராக்கப்பன் எடுத்துக்கொண்டார். அச்சடித்த டிக்கெட் பொய் சொல்லுமா?

அவர் மனைவி பவுனும் அதையே நம்பினாள். நம்பி அழுதாள்.

"துறையூர் பஸ்ஸவிடக் கிட்டக்க இருக்கான். தீவாளிக்கு வர மனசில்ல பாருங்க."

இப்போது அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

மதியம் ஒன்றரைக்கு மகன் போனில் அழுதான்.

"ஏறி உக்காந்துட்டேம்ப்பா. கதவ மூடுறாங்க. நான் வந்து அம்மா மொகத்தப் பாக்காம எடுத்துறாதீங்கப்பா."

"வாடா. வெச்சிருக்கேன்."

மூன்றேகாலுக்குள் விமானம் தரையைத் தொட்டாக வேண்டும். விமான நிலையம் கூப்பிடு தூரம். ராக்கப்பன் வாசலில் போய் நின்றார்.

மணி நாலு.

மகனின் போன் அணைந்தே கிடந்தது.

நாலரை.

சங்கு ஊதுகிறவர் இரண்டாம் தடவை டீ குடித்து முடித்தார்.

பவுனின் தம்பி மூக்கையா மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"பொழுது சாய நேரம் கெடக்கு மாமா. பொறுத்துப் பாப்போம்."

"யாருக்காகடா பொறுக்கணும்?"

ராக்கப்பன் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் ஏறவே இல்ல. ஏறியிருந்தா இந்நேரம் சறுக்கிக்கிட்டு வந்து நின்னுருப்பான்."

உள்ளே போனார். பெட்டியின் மூடியைத் தானே தூக்கினார். பவுனின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். காதருகே குனிந்தார்.

"வந்துட்டான் பவுனு. கெளம்பு."

அது மூக்கையாவுக்கு மட்டும் கேட்டது.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள்.

பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியை அவரே வைத்தார். தீ பிடிக்க நேரமாயிற்று.

பிடித்து எரியும்போது தலைக்கு மேல் இரைச்சல் கேட்டது.

சக்கரங்களை நீட்டிக்கொண்டு ஒரு விமானம் தாழ வந்தது. புகையை உரசுவதுபோலப் போயிற்று. வரிசையாகச் சன்னல்கள்கூடத் தெரிந்தன.

ராக்கப்பன் அண்ணாந்து பார்த்தார். அது மரங்களுக்குப் பின்னால் இறங்கி மறையும்வரை பார்த்தார்.

"யாரு பெத்த புள்ளயோ. தாயத் தேடி வருது பாரு."

மூக்கையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.