மூன்றாவது 'இல்லை'

காலை பத்து பத்து. பதினெட்டு மாதங்களில் மூன்றாவது பேட்டி. டோர்கைர் தன் வீட்டில் பொய் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

தற்கொலைக்கு முயன்றவர்களுக்குப் பேச்சு சிகிச்சை உதவுகிறதா என்று பார்க்கும் ஆய்வுக் குழுவிலிருந்து வந்த இங்குன், நார்வேயின் பெர்கன் நகர மழை சொட்டும் கோட்டை மாட்டிவிட்டுப் படிவத்தைப் பிரித்தாள்.

"கடந்த ஆறு மாசத்துல மறுபடியும் தற்கொலைக்கு முயற்சி பண்ணீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"மூணாவது தடவையா இதையே கேக்குற. பதில் மாறும்னு யார்கிட்டயாவது பந்தயம் கட்டியிருக்கியா?"

இங்குன் சிரிக்கவில்லை. கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தாள்.

ஈஸ்டர் வாரத்தில் நடந்தது அவருக்கும் அவர் நாய்க்கும் மட்டும்தான் தெரியும். எந்த மருத்துவமனைப் பதிவிலும் அது இல்லை.

"இங்குன், அந்தப் பேச்சு சிகிச்சை இருக்கே, எனக்கு..."

"ஐயோ, சொல்லாதீங்க!" காதைப் பொத்திக்கொண்டாள். "குலுக்கல்ல உங்களுக்குச் சிகிச்சை விழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா இந்தப் பேட்டியே செல்லாது."

"சரி, நல்ல சிகிச்சைன்னு மட்டும் எழுதிக்க."

"அதுக்குக் கட்டம் இல்ல."

அவள் போன கையோடு சுன்னிவா வந்தாள். இருபத்திரண்டு வயது. பதினெட்டு மாதம் முன்பு மருத்துவமனை வார்டில் அவருக்கு அடுத்த அறை. முதல் மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்காதவள். குலுக்கலில் சிகிச்சை விழுந்ததால் இப்போது செவ்வாய்தோறும் போகிறாள். மற்ற நாளில் ரொட்டிக் கடையில் வேலை.

"என்ன சொன்னீங்க, கிழவரே?"

"எல்லாம் சுகம்னு சொன்னேன். எவனாவது ஒருத்தன் 'மறுபடி முயற்சி பண்ணேன்'னு உளறினா, சிகிச்சை தோத்துப்போச்சுன்னு எழுதிடுவாங்க. உன் செவ்வாய்க்கிழமைக்கு மூடுவிழாதான்."

சுன்னிவா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நிஜமாவே சுகம்தானே?"

"வாஃபிள் ஆறுது. அந்தச் சீஸை இப்படித் தள்ளு."

2012 செப்டம்பர் 14 அன்று ஆய்வின் முடிவு வெளியானது. சிகிச்சை கிடைத்தவர்களைப் போலவே கிடைக்காதவர்களும் ஏறக்குறைய நலமாகவே இருந்தார்கள். ஆகவே சிகிச்சையால் பயன் என்பது நிரூபணமாகவில்லை. கிடைக்காதவர்களில் இன்னும் ஒரே ஓர் ஆள் 'மறுபடி முயன்றேன்' என்று சொல்லியிருந்தால் நிரூபணமாகியிருக்கும். சுன்னிவாவின் செவ்வாய்க்கிழமைகள் அந்த மாதத்தோடு நின்றன.

சிகிச்சை கிடைக்காமலே நலமாக இருந்தவர்களின் பட்டியலில் டோர்கைர் இருந்தார்.