விற்க வந்த வளையல்

அழுது சிவந்த கண்ணோடு அவள் வளையலைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். வெளிநாட்டு டிசைனர் வளையல்.

"கல்யாணத்துக்கு அவர் போட்டதுங்க. பத்து வருஷமா கையை விட்டு இறங்கல. ஆஸ்பத்திரிச் செலவு, வேற வழியில்ல."

கையில் எடுத்ததுமே கடைக்காரருக்குக் கனம் சொல்லிவிட்டது, அசல் சரக்கு. பத்து வருஷம் போட்டதில் ஒரு கீறல்கூட இல்லை. மகனுக்குப் புதுக் கடை வைத்துக் கொடுத்த நேரம், பழம் நழுவிப் பாலில் விழுகிறது என்று மனசுக்குள் குதித்தார்.

லென்ஸை ஒப்புக்குக் கண்ணில் வைத்தார். உள்பக்கம் பொறித்திருந்த எண்ணை அவர் கவனிக்கவே இல்லை. எதற்குக் கவனிக்க வேண்டும்? அவர் விற்றால் எல்லாம் ஒரிஜினல், மற்றவர்கள் விற்க வந்தால் எல்லாம் போலி.

"நீ என் மக மாதிரிம்மா, மறைக்க மனசு வரல. இது டூப்ளிகேட். உன் வீட்டுக்காரர் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கார். பித்தளை விலைக்கு வேணா எடுத்துக்கறேன்."

"வாயால சொன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க. போலின்னு எழுதிக் குடுங்க ஐயா, தந்துடறேன்."

அவ்வளவுதானே! அவள் எண்ணைப் படிக்கப் படிக்கக் கடைத் தாளில் எழுதி, 'போலி' என்று முடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

தாளைப் பைக்குள் வைத்தவள், வளையலையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். அழுகை போன இடம் தெரியவில்லை.

"எங்கம்மா நெக்லஸையும் இப்படித்தான் போலின்னு சொல்லிப் பிடுங்கினீங்க. அப்பா ஏமாத்திட்டார்னு சாகற வரைக்கும் அவர்கூட ஒரு வார்த்தை பேசலய்யா அவங்க. செத்த மறுமாசம் அதே நெக்லஸ் உங்க கண்ணாடிப் பெட்டியில ஒரிஜினல்னு தொங்குது! அன்னிக்கு எரிஞ்ச வயிறு இன்னும் அணையல."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பழம் தின்று கொட்டை போட்டவர், உடனே சிரித்துச் சமாளித்தார்.

"செத்தவங்க வந்து சாட்சி சொல்லுவாங்களா? ஆதாரம் இருந்தா காட்டு, இல்லன்னா நடையைக் கட்டு."

அவள் ஒரு பில்லை எடுத்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் விரித்துப் பிடித்தாள்.

"நேத்து இந்த வளையலை ஒரிஜினல்னு கையெழுத்துப் போட்டு எனக்கு வித்ததே உங்க பையன்தான்."