கறிக்கு எதுக்குக் கவர்?

"இன்னாம்மா கலக்குற இதுல? மரியாதையா சொல்லிடு!"

முக்தார் அகமது போட்ட சத்தத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டும் கையுமாக எழுந்துவிட்டார்கள்.

ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிக்குப் பின்தெருவில் கௌசரும் அவள் புருஷன் ஃபஹீமும் நடத்துகிற சுட்டகறிச் சாப்பாட்டுக்கடை அது. முக்தார் அந்த டேனரிக்கு மேனேஜர்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அவர் மகள் சஹர் ஆறு மாசக் கர்ப்பிணி. ஒரு மாசமாகத் தினமும் இந்தக் கடைப் பார்சல்தான் வேண்டும் என்கிறாள். இன்று பார்சல் வாங்க வந்தவர், கை கழுவப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு பெரிய டப். அதில் சுடுதண்ணீர், ஓரத்தில் ஏதோ கரண்ட் மெஷின். தண்ணீருக்குள், வாயை இறுக ஒட்டிய பிளாஸ்டிக் கவர் கவராக மாட்டுக்கறி!

"ஒண்ணும் கலக்கல பாய்," என்றாள் கௌசர். "ஒரே சூட்டுல ஒரு நாள் முழுக்க வேகும். அப்புறம் கவரைப் பிரிச்சுக் கரி நெருப்புல வாட்டுவோம். இவர் மஸ்கட் ஓட்டல்ல கத்துக்கிட்டு வந்தது."

"யார்கிட்ட கதை விடுற? இது கால்கறி. பூரா ஜவ்வு. குக்கர்ல எட்டு விசில் வச்சாலும் ரப்பரா இழுக்கும். கொதிக்கவே கொதிக்காத தண்ணில பஞ்சாயிடுச்சா? இருபத்தாறு வருஷமா தோலை மெதுவாக்குறவன் நான். எங்க டிரம்ல போடுற பவுடரைத்தானே போடுற?"

அவ்வளவுதான். ஒருத்தர் வாயில் இருந்ததைத் துப்பினார். இன்னொருத்தர் வயிற்றைத் தடவினார்.

அடுப்பைவிட்டு இடுக்கியோடு பாய்ந்து வந்தான் ஃபஹீம். "பாய், வார்த்தையை அளந்து பேசுங்க!"

"நீங்க சும்மா இருங்க," என்று கௌசர் அவனைத் தடுத்தாள்.

டேனரியிலிருந்து முக்தாருக்குப் போன் வந்தது. ஃபேக்டரி இரைச்சலில் பழகியவர், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சாப், ஏலகிரி பக்கம் வானம் கறுத்துக்கிட்டு வருது..."

"மழை பிடிச்சதும் கூப்பிடு சமீருல்லா! நானே இங்க பேஜார்ல இருக்கேன்!"

போனை வைத்தவர், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரைப் பிடித்தார். "ஜம்புலிங்கம், வீடியோ எடுப்பா. ஊரே பார்க்கட்டும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

சட்டைப்பையிலிருந்து பேனா மாதிரி இருந்த மீட்டரை எடுத்தார். தண்ணீரில் உப்பும் கெமிக்கலும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று டேனரியில் சோதிக்கிறது. டப்பில் முக்கினார்.

"மூவாயிரத்து நானூறு! ஐந்நூறைத் தாண்டினாலே குடிக்க லாயக்கில்ல. வாயும் வயிறுமா இருக்கிற என் பொண்ணுக்கு விஷத்தையா கொடுத்தே, பாவி? நாளைக்கே இந்தக் கடைக்கு சீல் வைக்கலன்னா என் பேரு முக்தார் இல்ல!"

கௌசருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்த நகையை எல்லாம் விற்றுப் போட்ட கடை. வெடுக்கென்று மீட்டரைப் பிடுங்கினாள். மோட்டாரைப் போட்டாள். குழாயில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து, மீட்டரை அதில் விட்டாள்.

"அண்ணே, இதையும் எடுங்க."

மூவாயிரத்து நானூறு.

"எங்க போர் தண்ணி, பாய். ஒரு சிட்டிகை எதுவும் போடல. தெருவுல எல்லா வீட்லயும் இதேதான் வருது. இதுல பருப்பு வேகாது. கறியைப் போட்டா கசக்கும். கடை திறந்த புதுசுல மூணு மாசம் ஈ ஓட்டினோம். அப்புறம்தான் இந்தக் கவர். தண்ணியோட சூடு மட்டும் கறிக்குப் போகணும், தண்ணி ஒரு சொட்டு மேல படக் கூடாது."

அவள் அதோடு விடவில்லை.

"உங்க பொண்ணு தின்ன கறில விஷம் இல்ல பாய். எங்க பிள்ளைங்க குளிக்கிற தண்ணிலதான் இருக்கு. எங்கேருந்து வந்து கலக்குது இந்தக் கண்றாவி? இவ்ளோ தெரிஞ்ச மேனேஜர், அதையும் நீங்களே சொல்லுங்க!"

முக்தார் மீட்டரை வாங்கிப் பைக்குள் திணித்தார்.

பொட்டுப் பொட்டாக மழை விழ, அடுப்புக்கரி சுர்ரென்றது. அவர் கையிலிருந்த போனும் அடித்தது. பழக்கதோஷம், கட்டை விரல் தானாக ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

"சாப், மழை பிடிச்சிக்கிச்சு. எப்பவும் போல கழிவுத்தண்ணியைப் பின்தெருப் பக்கம் திறந்து விட்டுடட்டுமா?"

ஜம்புலிங்கம் வீடியோவை நிறுத்தவில்லை.